மேல்வீட்டுப் பொங்கல்

ஆவுடையாள்புரம் தெற்கு ரதவீதியில் சாப்பாட்டின் மணமும் ருசியும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துபோனது புரட்டாசி கடைசிச் செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டே கால் மணிக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, ஏனென்றால் அந்தத் தெருவுக்கே மூக்காக இருந்த குற்றாலிங்கம் அண்ணாச்சி, தினமும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிற சாக்கில் மாடிப்படி ஏறி, மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தவளின் அடுக்களை ஜன்னலுக்கு நேரே நின்று, கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுக்கிற நேரம் அதுதான். அன்றைக்கும் இழுத்தார். வாடை அடித்தது, ஆனால் மேல்வீட்டிலிருந்து அல்ல, கீழேயிருந்து. நெத்திலிக் கருவாட்டு வாடை. இரண்டிரண்டு படியாக இறங்கி அதன் பின்னாலேயே போனவர் கடைசியில் வந்து நின்ற இடம் தன் சொந்த அடுக்களை. அங்கே அவர் மனைவி சங்கரவடிவு தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தப் போட்டிருக்க இதுல?"

"என்னத்தப் போடுவாவ? முருங்கக்கா, உருளக்கிழங்கு, பாசிப்பருப்பு. வேணும்னா நீங்களே பாருங்க."

ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டால் மறுவீட்டு விருந்துச் சொதி, மூக்கை விட்டால் கருவாடு. பிடித்துப் பார்த்தார், விட்டுப் பார்த்தார், மறுபடியும் பிடித்துப் பார்த்தார். இப்படியே ஒரு கிண்ணம் காலியான பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் இருந்த நாற்பத்திரண்டு வீட்டிலும் இதே கதி என்று தெரிந்தது. காபியைத் தூக்கினால் பூண்டு ஊறுகாய் மணந்தது, தயிர்சாதத்தைப் பிசைந்தால் ஆம்லெட் மணந்தது, அல்வாவைத் திறந்தால் ஆட்டுக்கால் சூப்பு மணந்தது, நாக்கில் வைத்தால் எல்லாம் பழையபடி காபியாகவும் தயிர்சாதமாகவும் அல்வாவாகவும்தான் இருந்தன. ஏன் இப்படி ஆயிற்று என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் என்ன வாடை அடிக்கிறது என்று சொல்ல வேண்டும், சொல்ல வேண்டுமென்றால் அந்த வாடை தனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு வாசலில் 'சைவம் மட்டும்' என்று பலகை தொங்குகிற தெருவில், ஆட்டுக்கால் சூப்பைப் பேர் சொல்லி அடையாளம் காட்ட எவருக்குத் துணிச்சல் வரும்? குற்றாலிங்கம் அண்ணாச்சி மட்டும் சொல்லலாம். அவர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர், அவருக்குத் தெரிவதெல்லாம் கடமையின் பேரில் தெரிந்துகொண்டது.

அந்த மூக்கின் கடமைகள் லேசானவை அல்ல. ஒரு வங்கி எழுத்தரை, காகிதத்தில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த முட்டை பப்ஸுக்காகக் காலி பண்ண வைத்திருக்கிறது. புதிதாகக் கல்யாணமான ஒரு வாத்தியார் தம்பதியை, வெங்காயம் வதக்குகிற தோரணை சரியில்லை என்று சந்தேகத்தின் பேரிலேயே அனுப்பியிருக்கிறது. அதனால்தான் மேல்வீட்டுப் பாகம்பிரியாள் குடிவந்த எட்டு மாதமாக அடுக்களையில் பருப்பையும் கத்தரிக்காயையும் தவிர வேறெதையும் பார்க்காமல் இருந்தாள்.

பாகம்பிரியாள் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவள். தொண்டிப் பக்கம் கடற்கரை ஊர். புருஷன் கத்தாரில். மகள் கயல்விழி பிளஸ் டூ, பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. மூன்று வருஷத்தில் இது ஐந்தாவது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் மீன் மணந்தது, ஒவ்வொரு வீட்டிலும் சாமான் கட்டினார்கள், ஒவ்வொரு தடவையும் கயல்விழி புத்தகத்தைப் பெட்டியில் போடும்போது ஒன்றும் பேசாமல் போட்டாள். அந்தப் பேசாமைக்காகவே பாகம்பிரியாள் தீர்மானித்திருந்தாள், பரீட்சை முடிகிறவரை இந்த வீட்டை விட்டு நகரக் கூடாது, அதற்காக நாக்கைக் கட்டிப்போட வேண்டுமென்றால் கட்டிப்போடுவது என்று. குற்றாலிங்கம் அண்ணாச்சியும் அவளை ஒன்றும் விசாரிக்கவில்லை. பேரைக் கேட்டதும் குளிர்ந்துவிட்டார். சிவனுக்குப் பாதி உடம்பானவளின் பேரை வைத்துக்கொண்டு ஒருத்தி மீன் தின்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் தெருவே கருவாடும் சூப்புமாக மணந்துகொண்டிருந்த அந்த வாரத்தில், வீடுவீடாக மீட்டர் பார்த்துவிட்டு வயிறு பிசைய வந்தவளுக்கு ஒரு சபலம் தட்டியது. ஊரே நாறும்போது நம் வீட்டு வாடையைத் தனியாகப் பிரித்து எடுக்க எந்த மூக்கால் முடியும்? ஞாயிற்றுக்கிழமை விடியலில் சந்தைக்குப் போய் இரண்டு கூறு சாளை மீன் வாங்கி, மேலே கீரைக்கட்டை வைத்து மறைத்துக் கொண்டுவந்து, எட்டு மாதத்து ஏக்கத்தையும் புளியோடு சேர்த்துக் கரைத்துச் சட்டியில் ஊற்றினாள். குழம்பு கொதித்தது. கொதித்ததும், பசு நெய்யும் ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் சேர்ந்த சர்க்கரைப் பொங்கல் மணம் ஒன்று அடுக்களையை நிறைத்து, ஜன்னல் வழியாக இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு நடமாடிக்கொண்டிருந்த தெற்கு ரதவீதி முழுவதும் பரவியது.

வீட்டு வாசலில் ஆள் கூடிவிட்டது. பாகம்பிரியாள் அவசரமாகச் சட்டியை மூடி அடுப்பை அணைத்தாள். எட்டிப் பார்த்தால், கீழே நின்றவர்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொல்லுதேன்லா, கை சுத்தம்யா கை சுத்தம்!" என்று குற்றாலிங்கம் அண்ணாச்சி நடுத்தெருவில் நின்று முழங்கினார். "ஊருல உள்ள சாப்பாடெல்லாம் கெட்டுப் போச்சு. என் வீட்டு மாடியில மட்டும் கெடல. ஏன்? அவ ஆசாரம் அப்படி."

அதற்கப்புறம் அவள் மீன் வைக்காமல் இருக்க முடியாமல் போனது. ஒரு நாள் பருப்பு வைத்தாள், அது இறால் தொக்கு மாதிரி மணக்கவும், "என்னம்மா, உடம்புக்குச் சொகமில்லையா?" என்று நாலு பேர் வந்து கேட்டுவிட்டார்கள். மறுநாளே சாளைக்குத் திரும்பினாள். சங்கத்துக்காரர்கள் அவள் வீட்டை மாதிரி இல்லமாக அறிவித்து, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்து அடுப்புக்கு மேலேயே மாட்டினார்கள். அதற்குக் கீழே நின்றுதான் அவள் தினமும் மீனை உரசிக் கழுவினாள்.

சங்கத்தில் இதற்கிடையே பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. சைவம் என்பது மணமா, ருசியா? மணம்தான் என்றால் நாற்பத்தோரு வீடும் அசைவம் ஆகிவிடும். ருசிதான் என்று ஓய்வு பெற்ற தாசில்தார் தாணுமூர்த்தி தீர்மானம் கொண்டுவந்தார். அப்படியென்றால் ஒவ்வொரு வீட்டிலும் போய் யார் ருசி பார்ப்பது என்ற கேள்வி வந்தது. அந்தத் தெருவில் யாரும் யார் வீட்டிலும் கை நனைக்கிற வழக்கம் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் அடுத்த வீட்டைவிடத் தான் அரைப்படி உசத்தி என்று நம்பிக்கொண்டிருந்தது, வாழைப்பழம் என்றால் உரித்துத் தின்பார்கள், வெந்த பண்டம் என்றால் தொடமாட்டார்கள். கடைசியில், அவரவர் வீட்டுச் சாப்பாடு சைவம்தான் என்று அவரவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்று ஒருமனதாக முடிவானது. அத்தனை பேரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். பைபாஸ் புரோட்டாக் கடைப் பக்கம் சாயங்கால நடைப்பயிற்சிக்குப் போய்விட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்புகிற ஆண்கள் சிலர் அந்த நாட்களில் நடையையே நிறுத்தியிருந்தார்கள். வீட்டிலேயே மூச்சை நன்றாக இழுத்து இழுத்துச் சாப்பிட்டு நாலு கிலோ கூடியிருந்தார்கள்.

சுப்பிரமணியசாமி கோயில் மடைப்பள்ளியின் கதைதான் பாவம். சாமிக்குப் படைக்கும் முன் பண்டத்தை முகர்ந்தும் பார்க்கக் கூடாது என்பதால் அங்கே மூக்கில் துண்டு கட்டிக்கொண்டுதான் சமைப்பார்கள். அதனால் கோயில் சர்க்கரைப் பொங்கலில் சாளை மீன் வாடை அடிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டவர் முருகன்தான். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. திரை விலகிய பிறகு குருக்கள்தான் மயங்கி விழுந்தார்.

சங்கரவடிவு விஷயத்துக்கு வருவோம். ஒரு நாள் பாகம்பிரியாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினாள். கதவு திறந்திருந்தது. அடுக்களைத் தரையில், வீட்டுக்காரர்கள் வைத்திருக்கும் இரண்டாவது சாவி பக்கத்தில் கிடக்க, சங்கரவடிவு சப்பணம் போட்டு உட்கார்ந்து சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, பக்குவமாக முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது வந்து..."

"சொல்லாத," என்றாள் சங்கரவடிவு, வாயில் இருந்ததை முழுங்கிவிட்டு. "பிரசாதத்துக்கு என்ன பேரு வேண்டிக் கெடக்கு? கீழ இருக்கிற அவாளுக்கும் ஒரு கிண்ணத்துல குடு."

அன்றிலிருந்து தினமும் ஒரு கிண்ணம் கீழே போனது. குற்றாலிங்கம் அண்ணாச்சி அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டு, "பொங்கல்னா இதுல்லா பொங்கல்" என்றார். ஒரு கிண்ணம் இரண்டானது, இரண்டு தூக்குவாளியானது. பிரசாதம் சாப்பாட்டுக் கணக்கில் சேராது, அதற்கு உசத்தியும் தாழ்ச்சியும் கிடையாது என்பதால், ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காத அந்தத் தெருவில் சங்கரவடிவின் தூக்குவாளி மட்டும் வாசல் வாசலாக நின்று போனது. உள்ளங்கையில் வாங்கி, கண்ணில் ஒற்றி, வாயில் போட்டு, கொஞ்ச நேரம் ஆகாயத்தைப் பார்த்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம்" என்றார்கள். தாணுமூர்த்தி வீட்டில் மட்டும் முள் எடுத்துத் தரும்படி கேட்டுக்கொண்டார்கள், அவருக்குப் பல் சரியில்லை.

தூக்குவாளியை நிரப்பும்போதெல்லாம் பாகம்பிரியாள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தானாக வந்து தின்கிறவர்களுக்குத் தான் என்ன செய்ய முடியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள், ஆனாலும் கந்தசஷ்டி வந்தபோது அந்தச் சமாதானம் உதவவில்லை. ஆறு நாள் விரதம் இருந்து ஏழாம் நாள் காலையில் விரதம் முடிக்கிறவர்களுக்குக் கோயில் பொங்கலைக் கொடுக்க முடியாது, அது மீன் நாறுகிறது, ஆகவே இந்த வருஷம் சங்கக் கட்டடத்தில் மேல்வீட்டுப் பாகம்பிரியாள் கையால் பொங்கல் என்று குற்றாலிங்கம் அண்ணாச்சி அவளைக் கேட்காமலேயே நோட்டீஸ் அடித்துவிட்டார்.

நேரே அவரிடம் போய் நின்றாள். "அண்ணாச்சி, நான் சமைக்கிறது பொங்கல் இல்ல. மீன் குழம்பு. சாளை."

அண்ணாச்சி அவளைக் கனிவாகப் பார்த்தார். "தன்னடக்கம் வேண்டியதுதான். அதுக்காவ இப்பிடியா பேசுவாவ?"

"சத்தியமா அண்ணாச்சி. கடல் மேல ஆணையாச் சொல்றேன்."

"ஏம்மா," என்றார் அவர், இப்போது கனிவு கொஞ்சம் குறைந்திருந்தது, "நீ வழக்கமா என்ன செய்வியோ அதையே செய்யி. ஒண்ணையும் மாத்தாத. கேட்டியா? ஒண்ணையும் மாத்தாத."

கேட்டாள். நன்றாகவே கேட்டது. மீன் வைத்தால் பொங்கல் மணக்கும், வீடு தங்கும், கயல்விழி அதே மேஜையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பாள். பொங்கல் வைத்தால் மீன் மணக்கும், சாமான் கட்ட வேண்டும். ஆறு நாளும் இதையே திருப்பித் திருப்பி யோசித்தாள். அந்த ஆறு நாளும் அவளும் விரதம், அடுப்பில் மீன் ஏறவில்லை, தூக்குவாளி காலியாகத் தொங்கியது, தெருவே கொஞ்சம் வாடித்தான் போயிருந்தது. ஏழாம் நாள் விடியலில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்றபோது, ஆறு நாள் பட்டினி கிடந்தவர்களின் இலையில் முருகன் பேரைச் சொல்லி மீனை வைக்கத் தன் கை போகாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பச்சரிசி களைந்தாள், பாசிப்பருப்பு வறுத்தாள், மண்டை வெல்லம் தட்டினாள், நெய்யை அளக்காமல் விட்டாள். அவள் ஆயுசில் அதைப்போல ஒரு பொங்கல் வைத்ததில்லை. உள்ளுக்குள்ளே ஓர் ஆசையும் இருந்தது, இன்றைக்கு ஒரு நாளாவது முருகன் மணத்தைத் திருப்பிக் கொடுக்கமாட்டானா என்று.

கொடுக்கவில்லை. இலை போட்டு அறுபது பேர் உட்கார்ந்திருந்த சங்க மண்டபத்தில் அவள் தேக்சா மூடியைத் திறந்ததும் சாளை மீன் வாடை குப்பென்று எழுந்தது. பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்கள். குற்றாலிங்கம் அண்ணாச்சி எழவில்லை. மாதிரி இல்லம் அவருடையது, மானமும் அவருடையது. "உக்காருங்கய்யா," என்று அதட்டினார், "மணம் எப்பிடியும் போட்டும். ருசிதானே தீர்மானம்?" ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். மென்றார். அவர் முகம் கோணியது.

"இது மேல்வீட்டுப் பொங்கல் இல்ல," என்றார். "இது இனிக்கல்லா செய்யுது!"

தாணுமூர்த்தி ஒரு விரலில் தொட்டு நக்கினார். "ஆமாய்யா. வெல்லத்தப் போட்டுருக்கா."

"புளியே சேக்கல," என்று பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இதுதாங்க பொங்கல்!" பாகம்பிரியாள் ஒரு பிடி அள்ளி நீட்டினாள். "ஒரு மாசமா நீங்க எல்லாரும் தின்னீங்களே, அதுதான் மீன். அரிசி பருப்பெல்லாம் பாருங்க, கண்ணாலதான் பாருங்களேன்!"

யாரும் இலையைப் பார்க்கவில்லை. விரதம் முடிக்கிற நாளில் பிரசாதத்தைப் பழிக்கிறாளே என்று அவர்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிரூபி என்றார்கள். ஓடிப்போய் மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், கழுவிக் கவிழ்த்து ஆறு நாளாகியும் அதில் பச்சைக் கற்பூரம் கமகமத்தது. சட்டி கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொருவராக முகர்ந்து, ஒவ்வொருவராகக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

தீர்ப்பை எழுத அதிக நேரம் ஆகவில்லை. சட்டி குற்றமற்றது, அது சங்கத்தின் பொறுப்பில் இருக்கும். விரதக்காரர்களுக்கு மீன் வாடையுள்ள, ஊரில் இல்லாத ருசியில் ஏதோ ஒன்றைப் படைத்ததற்காகவும், பிரசாதத்தைப் பற்றி அவதூறு சொன்னதற்காகவும் மேல்வீட்டுக்காரி மூன்று நாளில் காலி செய்ய வேண்டும். இதை அண்ணாச்சி வாசித்துக்கொண்டிருந்தபோது பாகம்பிரியாள் சங்கரவடிவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தரையில் உட்கார்ந்து முள் பிரித்தவள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சங்கரவடிவு முந்தானையில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு போனதைவிட அதுதான் பாகம்பிரியாளுக்கு வலித்தது.

மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு வீடு கிடைத்தது. அங்கே யாரும் எதையும் முகரவில்லை, முகர்ந்தால் தாங்காது. பகலெல்லாம் லாரி வந்து போகும், கயல்விழி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படித்தாள், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறினாள், இந்தத் தடவையும் புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வைக்கும்போது ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது வாரம், விடியலில் கூறுகட்டி விற்கிற இடத்தில், தெற்கு ரதவீதி முகங்களாக நாலைந்து பாகம்பிரியாளின் கண்ணில் பட்டன. எல்லார் கையிலும் கூடை, எல்லார் கூடையிலும் மேலாக ஒரு கீரைக்கட்டு. ஒருவரை ஒருவர் பார்க்காமல் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளையும் பார்க்கவில்லை.

மார்கழியில் அந்தத் தெருவுக்கு மீட்டர் எடுக்கிற முறை வந்தது. தெருமுனையில் திரும்பியதுமே நெய்யும் ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் அவளை எதிர்கொண்டன. நாற்பத்திரண்டு வீட்டு ஜன்னலிலிருந்தும் ஒரே மணம். மாலை போட்டு வெளியூரிலிருந்து வந்திருந்த பக்தர்கள் சிலர் நடுத்தெருவில் செருப்பைக் கழற்றிவிட்டு, மார்கழி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று உருகிப்போய் நின்றுகொண்டிருந்தார்கள்.

குற்றாலிங்கம் அண்ணாச்சி வீட்டில் மீட்டர் கூடத்துச் சுவரில் இருந்தது. அவர் அதற்கு நேர் கீழே இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரது?"

"கரண்டு ஆபீஸ், அண்ணாச்சி."

அவர் நிமிர்ந்து பார்த்தார், அவளைத் தெரிந்துகொண்டார், மறுபடி குனிந்துகொண்டார். "சாப்பிடுத நேரம்மா. கிட்ட வரப்பிடாது. ஆசாரமா இருக்கிற வீடு. அங்கனயே நின்னு பாத்து எழுதிட்டுப் போ."

அங்கேயே நின்று, கழுத்தை நீட்டி எண்ணைப் பார்த்து எழுதினாள். அவர் இலையின் ஓரத்தில் முட்கள் வரிசையாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகச் சுத்தமாக அடுக்கியிருந்தன. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மீட்டர் அட்டையைப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"முள்ளு பாத்துச் சாப்பிடுங்க, அண்ணாச்சி."

"ம்," என்றார் அவர், தலையைத் தூக்காமல், வாய்க்குள் நாக்கால் துழாவி ஒன்றை எடுத்து மற்றவற்றோடு வைத்தார்.